புதுமை எது, பழமை எது? ரப்பர்ப் பால் முதல் சென்னை வழக்கு வரை

லூமுட் துறையிலிருந்து சித்தியவான், ஆயர் தாவார் வழியாக உள்நாட்டுக்குச் செல்வோர் சாலையின் இருமருங்கும் இன்று பெரும்பாலும் செம்பனையையே காண்பர். ஒரு காலத்தில் அங்கெல்லாம் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. விடியுமுன் எழுந்து, மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குச் சுமந்து சென்ற தமிழ் மக்களுக்குச் சில செய்திகள் நன்கு தெரியும். பாலில் அமிலத்தை அளவறிந்து ஊற்றினால் உறையும். உறைந்ததை உருளையிலிட்டு அழுத்தினால் தகடாகும். தகட்டைப் புகையில் தொங்கவிட்டால் பூஞ்சணம் பிடியாது. வேதியியல் படியாமலேயே அவர்கள் நாள்தோறும் செய்துவந்தவை வேதிமுறைகளே.

அத்தகைய ஒரு முறையை ஒருவன் முதன்முதலாகக் கண்டான் எனக் கொள்வோம். அஃது அவனுக்கே உரியது என்று அரசு பட்டயம் எழுதித் தரலாமா? அல்லது, "இத்தொழில் தெரிந்த எவனுக்கும் எளிதில் தோன்றக்கூடியதுதானே இது!" என்று மறுத்துவிட வேண்டுமா? கேட்பதற்குச் சிறிய வினா. ஆனால், ரப்பரை உலகப் பொருளாக்கிய கண்டுபிடிப்பின் உரிமை இவ்வினாவைச் சுற்றியே நடந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், சென்னை மாநகரில் தொடங்கி இந்தியத் தலைநகர் வரை சென்ற மருந்து வழக்கொன்றும் இதே வினாவைத்தான் சுமந்து சென்றது. முன்னதில் பெரும்பொருளும், பின்னதில் பல்லாயிரம் நோயாளிகளின் உயிரும் அதன் விடையைப் பொறுத்திருந்தன.

பேட்டண்ட் என்பது யாது?

பேட்டண்ட் எனப்படும் காப்புரிமை ஓர் உடன்படிக்கை போன்றது. கண்டுபிடித்தவன் தன் முறையை ஒளிக்காமல் முழுவதும் எழுதி வெளியிட வேண்டும். அதற்கு ஈடாக, ஒரு குறித்த காலத்துக்கு அதனைப் பிறர் செய்யாதபடி தடுக்கும் உரிமையை அரசு அவனுக்கு அளிக்கும். இக்காலம் இன்று பெரும்பாலான நாடுகளில் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். காலம் முடிந்தபின் அம்முறை உலகுக்கே பொதுவாகிவிடும்.

இவ்வுரிமையைப் பெற மூன்று தகுதிகள் வேண்டும். முதலாவது, முறை புதியதாக இருத்தல். இரண்டாவது, தொழிலுக்குப் பயன்படுதல். மூன்றாவது, அத்துறையில் சாதாரணத் தேர்ச்சியுள்ள ஒருவனுக்கு, முன்பே வெளியான அறிவைக் கொண்டு எளிதில் தோன்றாததாக இருத்தல். முதல் இரண்டையும் அளந்துவிடலாம். மூன்றாவதை அளப்பதற்குக் கோலும் இல்லை, தராசும் இல்லை.

முதல் தகுதிக்கு ஓர் எடுத்துக்காட்டு காற்றடைத்த சக்கரம். ஜான் பாய்ட் டன்லப் 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பார் 1845இலேயே அக்கருத்தைப் பதிந்து வைத்திருந்தமை சில ஆண்டுகளில் வெளிப்பட்டது. டன்லப்பின் உரிமை செல்லாததாயிற்று. பழைய ஏடு ஒன்றைக் காட்டிய அளவில் அவ்வழக்கு முடிந்துவிட்டது. ஏட்டில் அப்படியே இல்லாத ஒன்று, ஆனால் ஏட்டை அறிந்தவனுக்குத் தோன்றியிருக்கக்கூடும் என்று வாதிடப்படும் ஒன்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

ரப்பரும் கந்தகமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரால் செய்த பொருள்கள் கோடையில் இளகி ஒட்டின. குளிரில் கல்லாக இறுகின. சூடு என்பது ரப்பருக்குப் பகை என்பதே அன்றைய தொழிலாளர் யாவரின் துணிபு. கந்தகத்தைப் பற்றிய செய்தியும் ஓரளவு தெரிந்தே இருந்தது. ஜெர்மானியரான லூடர்ஸ்டார்ஃப் 1832இல், கந்தகம் கலந்தால் ரப்பரின் பிசுபிசுப்புக் குறையும் என்று எழுதினார். அமெரிக்காவில் நதானியேல் ஹேவர்ட் ரப்பரின்மீது கந்தகத்தைத் தூவி வெயிலில் காயவைக்கும் முறையைக் கண்டு, 1839 பிப்ரவரியில் அதற்கு உரிமை பெற்றார். அந்த உரிமையை விலைக்கு வாங்கியவர் சார்லஸ் குட்இயர்.

குட்இயர் கடனாளி, பலமுறை சிறை சென்றவர். கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று 1839இல் சூடான அடுப்பிற் பட்டபோது, அஃது உருகவில்லை. தோல் போலக் கருகி நின்றது என்பது அவர் வரலாற்றில் யாவரும் அறிந்த செய்தி. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதைக் கண்டறிய அவருக்கு மேலும் ஐந்தாண்டுகள் பிடித்தன. 1844 ஜூன் 15ஆம் நாள் அமெரிக்க உரிமை கிடைத்தது. 25 பங்கு ரப்பர், 5 பங்கு கந்தகம், 7 பங்கு ஈய வெள்ளை. ஏறத்தாழ 270 பாரன்ஹீட் பாகைச் சூடு. இவ்வளவே அம்முறை.

இதற்குள் அவருடைய மாதிரித் துண்டுகள் 1842இல் இங்கிலாந்தை அடைந்துவிட்டன. அங்கே ரப்பர்த் தொழிலில் முன்னோடியான தாமஸ் ஹான்காக் அவற்றைக் கண்டார். ஓராண்டுக்கு மேல் தம் ஆய்வறையில் முயன்று, உருகிய கந்தகத்தில் ரப்பரைத் தோய்த்துப் பதப்படுத்தும் முறையைத் தாமே கண்டு, 1843 நவம்பர் 21ஆம் நாள் பதிவு செய்தார். குட்இயரின் ஆங்கில விண்ணப்பம் 1844 ஜனவரி 30ஆம் நாளே சென்று சேர்ந்தது. ஹான்காக்கின் நண்பர் பிராக்கெடன், நெருப்புக்குரிய ரோமானியத் தெய்வமான வல்கனின் பெயரால் இம்முறைக்கு வல்கனைசேஷன் என்று பெயரிட்டார்.

வழக்குகள் இரண்டு கண்டங்களிலும் எழுந்தன. அமெரிக்காவில் ஹொரேஸ் டே என்பாருக்கு எதிராக, 1852இல் ட்ரெண்டன் நகரில் குட்இயருக்காக வாதாடியவர் புகழ்பெற்ற டேனியல் வெப்ஸ்டர். கந்தகமும் தெரியும், ரப்பரும் தெரியும், சூடும் தெரியும்; இவற்றில் இவருடைய புதுமை எங்கே என்பது எதிர்த்தரப்பின் நோக்கு. இவர் கண்டுபிடிக்கவில்லையெனில் வேறு யார் கண்டார், அவரை இங்கே நிறுத்துக என்பதே வெப்ஸ்டர் வாதத்தின் சாரம். அப்படி ஒருவரும் வந்து நிற்கவில்லை. தீர்ப்பு குட்இயருக்குச் சாதகமாயிற்று.

இங்கிலாந்தில் நிலைமை மாறியது. ஹான்காக்கின் உரிமையை நீக்குமாறு 1855இல் குட்இயர் தொடுத்த வழக்கு தோற்றது. மாதிரித் துண்டைப் பகுத்து ஆராய்ந்தாலும் அது செய்யப்பட்ட வழி அதிலிருந்து புலப்படாது என்று வேதியியல் அறிஞர்கள் சான்று கூறினர். அஃதாவது, துண்டைப் பார்த்த அளவில் முறை எளிதில் தோன்றாது. எனவே ஹான்காக்கின் உழைப்பு அவருடையதே என்று கொள்ளப்பட்டது.

இவ்விரு வழக்குகளும் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. தெரிந்த பொருள்களைச் சேர்ப்பது மட்டும் புதுமையைக் கெடுத்துவிடாது. அன்றைய அறிவு எத்திசையில் கை காட்டியது என்பதே கேள்வி. சூடு ரப்பரைக் கெடுக்கும் என்று தொழில் முழுவதும் நம்பியிருந்த காலத்தில், சூட்டை ஏற்றிப் பார் என்று எந்த ஏடும் சொல்லவில்லை. விடுகதைக்கு விடை சொன்னபின் "இது தெரியாதா!" என்பார் பலர், விடை வருமுன் அவர்கள் வாய் திறப்பதில்லை. விடையை அறிந்த கண்ணோடு பழைய ஏடுகளைப் படித்தல் ஆகாது என்பது நீதிமன்றங்கள் அன்றிலிருந்து தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் எச்சரிக்கை.

எழுதப்படாத அறிவு

இதன் மறுபக்கமும் உண்டு. குட்இயருக்கும் ஹான்காக்குக்கும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடு அமெரிக்கப் பழங்குடியினர் ஒருவகை ரப்பர்ப் பாலில் ஒரு கொடியின் சாற்றைச் சேர்த்து, துள்ளும் பந்துகளைச் செய்தனர் என்பதை 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கிக் காட்டினர். கந்தகமும் சூடும் கொண்ட முறை அதுவன்று. ஆயினும் ரப்பரின் இயல்பை வேதிமுறையால் மாற்றும் எண்ணம் மிகப் பழமையானது. ட்ரெண்டன் நீதிமன்றத்தில் அப்பழங்குடியினருக்காகப் பேச யாருமில்லை.

பின்னாளில் மஞ்சளும் வேம்பும் இதே நிலைக்கு வந்தன. மஞ்சள் பொடி புண்ணை ஆற்றும் என்னும் செய்திக்கு 1995இல் அமெரிக்காவில் ஓர் உரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழில் ஆய்வு மன்றம் பழைய நூற்சான்றுகளைத் தொகுத்து அளித்தபின், 1997இல் அவ்வுரிமை தள்ளப்பட்டது. வேப்பெண்ணெயைக் கொண்டு பயிர்களின் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் அளித்த உரிமை, இந்தியாவில் அதற்கு முன்பே நடந்த பயன்பாட்டைக் காட்டி எதிர்க்கப்பட்டு, 2000இல் நீக்கப்பட்டது; 2005இல் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. கிழவிகள் பேரப்பிள்ளைகளுக்குச் செய்துவந்த வைத்தியம் சான்றாக நிற்க வேண்டுமானால் அஃது எழுத்தில் இருத்தல் வேண்டும், அல்லது அறிந்தவர் நேரில் வந்து சொல்லுதல் வேண்டும். எழுதி வைக்காத அறிவைப் பிறர் எழுதிக்கொள்வர் என்பதற்கு இவை போதிய எச்சரிக்கை.

சட்டம் வகுத்த வழி

"எளிதில் தோன்றுமா?" என்னும் வினாவைச் சட்டத்தில் வேரூன்றச் செய்தது ஒரு கதவுக் குமிழ். உலோகத்தாலும் மரத்தாலும் செய்துவந்த குமிழைக் களிமண்ணாலும் பீங்கானாலும் செய்தமைக்கு உரிமை கேட்ட வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1851இல் அதனை மறுத்தது. அது நல்ல தொழிலாளியின் கைத்திறன், கண்டுபிடிப்பாளனின் செயல் அன்று என்பது அத்தீர்ப்பின் கருத்து. பிரிட்டனில் 1932ஆம் ஆண்டுச் சட்டமும், அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டுச் சட்டமும் இச்சோதனையை எழுத்தில் வடித்தன.

இந்தியாவில் இத்துறையை ஆழ்ந்து ஆராய்ந்தவர், சென்னை உயர்நீதிமன்றத்திலும் பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதியாக விளங்கிய ந. ராஜகோபால அய்யங்கார். 1959இல் அவர் அளித்த அறிக்கையே 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடிப்படை. உணவு, மருந்து ஆகியவற்றில் பொருளுக்கு உரிமை இல்லை, செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை என்று அச்சட்டம் விதித்தது. ஒரே மருந்தை வேறு வழியில் செய்யத் தெரிந்தவன் அதைச் செய்து விற்கலாம். இந்திய மருந்துத் தொழில் வளர்ந்ததும், மருந்து விலை தாழ்ந்ததும் இவ்விதியின் நிழலில்தான்.

மலேசியாவில் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1986 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 15ஆம் பிரிவும் இதையே கேட்கிறது: துறையில் சாதாரணத் தேர்ச்சியுள்ளவனுக்கு அது வெளிப்படையானதா?

சென்னைக்கு வந்த மருந்து

உலக வணிக அமைப்பின் உடன்படிக்கை 1995இல் நடப்புக்கு வந்தது. மருந்துப் பொருளுக்கும் உரிமை வழங்க இந்தியா கடமைப்பட்டது. அதற்குப் பத்தாண்டுத் தவணை பெற்றது. அத்தவணைக் காலத்தில் வந்த விண்ணப்பங்களை வாங்கி ஒரு பெட்டியில் வைப்பது போல் வைத்திருந்து, 2005க்குப் பின் எடுத்து ஆராய்வது என்று ஏற்பாடு. அப்பெட்டியில் இருந்த விண்ணப்பங்களில் ஒன்று, 1998 ஜூலையில் சுவிட்சர்லாந்து நாட்டு நோவார்ட்டிஸ் நிறுவனம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் அளித்தது.

அதன் பின்னணி இது. எலும்பு மச்சையில் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ஒருவகை இரத்தப் புற்றுநோய் உண்டு. அப்பெருக்கத்தைத் தூண்டும் புரதத்தைத் தேர்ந்து தடுக்கும் மருந்து இமாட்டினிப். இதனை உருவாக்கிய குழுவின் வேதியியலார் யூர்க் சிம்மர்மன். அவர் பெயரால் அறியப்படும் அமெரிக்க உரிமை 1996 மே மாதம் வழங்கப்பட்டது. அதில் இமாட்டினிப்பும், மருந்தாகப் பயன்படத்தக்க அதன் உப்புகளும் அடங்கின. 1996இலேயே ஆய்விதழ்களிலும் அதன் செயல் விளக்கப்பட்டது. ஆனால், இந்தியாவில் இம்மூல மருந்துக்கு உரிமை இல்லை. 1995க்கு முற்பட்ட கண்டுபிடிப்பாகையால் பொருளுரிமை கேட்கவே வழியில்லை.

சென்னையில் கேட்கப்பட்டது வேறு. இமாட்டினிப்போடு மீத்தேன் சல்போனிக் அமிலத்தைச் சேர்த்தால் மெசிலேட் என்னும் உப்பு கிடைக்கும். அவ்வுப்பு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் படிகமாகும். ஆல்பா வடிவம் ஊசி போன்றது. காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சும். பீட்டா வடிவம் நிலையானது. ஈரத்தை அவ்வளவாக ஏற்காது. தடையின்றி வழிந்தோடுவதால் மாத்திரை செய்வதற்கு ஏற்றது. இந்தப் பீட்டா படிகத்துக்கும், முன்பே செய்த பீட்டா படிகத்தை விதை போல் இட்டு அதை விளைவிப்பது போன்ற செய்முறைக்கும் நிறுவனம் உரிமை கோரியது.

படிக வடிவம் மாறுதல் என்பது பள்ளி மாணவர்க்கும் புதிதன்று. கந்தகத்தை உருக்கி மெல்லக் குளிரவிட்டால் ஊசி போன்ற படிகங்கள் தோன்றும். அவற்றை அப்படியே வைத்துவிட்டால் நாளடைவில் அவை தாமாகவே தம் நிலையான வடிவத்துக்குத் திரும்பிவிடும். ரப்பரை உரமாக்கிய அதே கந்தகம்தான் இங்கும் வழிகாட்டுகிறது. கேள்வி இதுதான்: கந்தகத்தைப் போலவே, நிலையான வடிவம் அவ்வுப்பில் முன்பே உறைந்திருந்ததா? அல்லது, யாரும் எதிர்பாராத ஒன்றை வேதியியலார் கண்டெடுத்தனரா?

இருதரப்பு வாதங்கள்

நாட்கோ, சிப்லா முதலிய இந்திய மருந்து நிறுவனங்களும், புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் விண்ணப்பத்தை எதிர்த்தன. அவர்கள் வாதம் வருமாறு: சிம்மர்மன் உரிமையே உப்புகளைச் சொல்லிவிட்டது. மெசிலேட் உப்பு மருந்துத் துறையில் பழக்கமானது. உப்பைச் செய்தவன் அதன் படிகங்களை ஆராய்ந்து நிலையானதைத் தேர்ந்தெடுப்பான். அது மருந்தாளனின் அன்றாட வேலை. இதில் தோன்றாத ஒன்று எது?

நிறுவனம் மறுத்தது. சிம்மர்மன் உரிமையிலிருந்து பீட்டா படிகத்துக்கு இரண்டு படிகள் உள்ளன. பல உப்புகளுள் மெசிலேட்டைத் தேர்வது முதற்படி. அவ்வுப்பின் படிகங்களுள் பீட்டாவைக் காண்பது இரண்டாம் படி. இவ்விரண்டுக்கும் முன்னேடு எதுவும் வழிகாட்டவில்லை. எத்தனை வடிவம் வரும், எது நிலைக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லவும் இயலாது. மூல இமாட்டினிப்பைவிடப் பீட்டா படிகம் உடலில் 30 விழுக்காடு கூடுதலாகச் சேர்கிறது. இவ்வாறு அது வாதிட்டது.

2006 ஜனவரி 25ஆம் நாள் சென்னை அலுவலகத்தின் உதவிக் கட்டுப்பாட்டாளர் விண்ணப்பத்தைத் தள்ளினார். முன்பே வெளியானது, எளிதில் தோன்றக்கூடியது, மேலும் சட்டத்தின் 3(டி) பிரிவால் தடுக்கப்பட்டது என்பன அவர் கூறிய காரணங்கள். 2005இல் திருத்தப்பட்ட அப்பிரிவு, தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவத்துக்கு, அதன் செயற்பயன் மிகாவிடில், உரிமை இல்லை என்கிறது.

நிறுவனம் அப்பிரிவே அரசியல் சட்டத்துக்கு முரண் என்று சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. 2007 ஆகஸ்டு 6ஆம் நாள் அவ்வாதம் தோற்றது. அடுத்து, அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2009 ஜூன் 26ஆம் நாள் கூறிய தீர்ப்பு வியப்பானது. பீட்டா படிகம் புதியது, எளிதில் தோன்றாதது என்று அவ்வாரியம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஆயினும் 3(டி) பிரிவைக் கொண்டு பொருளுக்கு உரிமையை மறுத்தது. ஆனால், அதைச் செய்யும் முறைக்கு உரிமை தரலாம் என்றது! மருந்துக்கு மாதம் 1,20,000 ரூபாய் விலை என்பதையும் அது கருத்திற்கொண்டது.

ஆக, ஒரே ஆவணங்களைப் படித்த இரண்டு அமைப்புகள், எளிதில் தோன்றும் என்றும் தோன்றாது என்றும் நேர்மாறாகக் கூறின. இவ்வினா எவ்வளவு வழுக்கும் தரை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

உச்ச நீதிமன்றத்தின் முடிவு

நிறுவனமும் மேல்முறையீடு செய்தது. முறைக்கு உரிமை தந்ததை எதிர்த்து நாட்கோவும் புற்றுநோயாளர் உதவிச் சங்கமும் மேல்முறையீடு செய்தன. நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் ஆகிய இருவரும் 2013 ஏப்ரல் முதல் நாள் தீர்ப்பளித்தனர்.

அவர்கள் சென்ற வழி எளியது, ஆனால் கூர்மையானது. மெசிலேட் உப்பு சிம்மர்மன் உரிமையில் உண்டா, இல்லையா என்பதை நிறுவனத்தின் செயல்களைக் கொண்டே அளந்தனர். அமெரிக்காவில் அம்மருந்தின் உரிமைக் காலத்தை நீட்டக் கேட்டபோது, நிறுவனம் காட்டியது சிம்மர்மன் உரிமையையே. நாட்கோ பிரிட்டனில் மெசிலேட் மருந்தை விற்றபோது, அதைத் தடுக்க நிறுவனம் 2004இல் அறிவிப்பு விடுத்ததும் சிம்மர்மன் உரிமையின் பெயராலேயே. ஓரிடத்தில் அவ்வுப்பு என் பழைய உரிமைக்குள் அடங்கியது என்பதும், மற்றோரிடத்தில் அது பழைய ஏட்டில் இல்லாத புதுமை என்பதும் ஒன்றோடொன்று பொருந்தா. 1996இன் ஆய்விதழ்களும் அதனையே உறுதி செய்தன. எனவே மெசிலேட் தெரிந்த பொருளே என்று நீதிமன்றம் கண்டது.

அவ்வாறாயின், பீட்டா படிகத்தை மெசிலேட்டோடு ஒப்பிட வேண்டுமே தவிர மூல இமாட்டினிப்போடு அன்று. வழிந்தோடுதல், நிலைத்திருத்தல், ஈரம் ஏற்காமை ஆகியவை செய்வதற்கும் சேமிப்பதற்கும் நன்மை. நோயைத் தீர்க்கும் ஆற்றலை அவை கூட்டவில்லை. உடலில் சேரும் அளவு கூடுவதும், அதனால் நோய் மிகுதியாகத் தீர்கிறது என்று தனியே நிறுவப்பட்டால் அன்றிப் போதாது. இவ்வாறு கூறி, கண்டுபிடிப்பு என்னும் சோதனையிலும் உரிமைத் தகுதி என்னும் சோதனையிலும் அது தேறவில்லை என்று நிறுவனத்தின் முறையீட்டைத் தள்ளினர். மற்ற இரு முறையீடுகளும் ஏற்கப்பட்டன. முறைக்கென வாரியம் நீட்டிய உரிமையும் அத்துடன் போயிற்று.

சீர்தூக்கிப் பார்த்தால்

இத்தீர்ப்பை ஏழைகளின் வெற்றி என்று பலர் கொண்டாடினர். ஆராய்ச்சிக்கு விழுந்த அடி என்று சிலர் வருந்தினர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. இந்திய நிறுவனங்கள் அம்மருந்தை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்றுவந்தன. தீர்ப்பு வேறாக இருந்தால் அவ்வழி அடைபட்டிருக்கும். அம்மருந்து நாள் தவறாமல் பல்லாண்டு உட்கொள்ள வேண்டியது. ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு மாதம் 1,20,000 ரூபாய் என்பது மருந்தின் விலையன்று. மருந்து இல்லை என்னும் சொல்லே ஆகும். நோயாளிகளுள் பெரும்பாலோர்க்கு இலவசமாகவே அளித்துவந்ததாக நிறுவனம் கூறியதையும் மறைத்தல் கூடாது. ஆயினும், கொடை கொடுப்பவன் கையைப் பொறுத்தது. உரிமை சட்டத்தைப் பொறுத்தது. நோயாளி எதை நம்பி வாழ்வது?

மறுபுறம், இமாட்டினிப்பைக் கண்டது மெய்யான புதுமை. ஆண்டுக் கணக்கில் அறிஞர் உழைத்த உழைப்பு அது. இந்தியச் சட்டத்தின் காலக்கணக்கினால் அதற்கு இந்தியாவில் எந்த ஈடும் கிடைக்கவில்லை. கிடைக்காத முதற்பரிசை இரண்டாம் வாயிலில் கேட்ட நிலைமை அது. அக்குறையை உணர்வது நேர்மை. எனினும், முதற்புதுமைக்குக் கிடைக்காத கூலியை, அடுத்து வந்த சிறு மாற்றத்தின் பெயரால் வாங்கித் தருவது நீதிமன்றத்தின் வேலையன்று என்பதையும் உணர வேண்டும்.

இங்கே குட்இயரின் வழக்கோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். குட்இயர் சென்ற திசையில் போகாதே என்றுதான் அன்றைய அறிவு சொல்லியது. சூட்டை ஏற்றுதல் அதற்கு நேர் எதிரான செயல். பீட்டா படிகத்தில் அப்படியன்று. நிலையான வடிவத்தைத் தேடு என்றுதான் துறையின் பழக்கம் சொல்லியது. என்ன கிடைக்கும் என்பது மட்டும் முன்கூட்டித் தெரியாது. முடிவு தெரியாமல் இருப்பது வேறு, தேடும் வழி தெரியாமல் இருப்பது வேறு. கிணறு வெட்டுகிறவனுக்கு எத்தனை அடியில் நீர் என்பது தெரியாது. அதனால் கிணறு வெட்டுதல் அவன் கண்டுபிடிப்பு ஆகிவிடாது.

படிகங்கள் யாவும் உரிமைக்குத் தகுதியற்றவை என்று உச்ச நீதிமன்றம் கூறவில்லை என்பதையும் நினைவிற்கொள்க. செயற்பயன் மிகுவதைச் சான்றுடன் காட்டினால் வாயில் திறந்தே இருக்கிறது. எளிதில் தோன்றுமா என்னும் வினாவுக்கு ஒரே விடை எல்லா வழக்குக்கும் இல்லை. ஒவ்வொரு முறையும் பழைய ஏடுகளை விரித்து, அன்று தொழிலில் நின்ற ஒருவனின் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தொழில் தெரிந்த ஒருவன் யார் என்பதுதான் கடைசியில் எஞ்சும் கேள்வி. சட்டத்தில் அவன் கற்பனை மனிதன். பேர் இல்லை, ஊர் இல்லை. பேராக் மாநிலத்து ஸ்டோர்களில், இன்று மழை பெய்தது, பால் தண்ணீராக இருக்கிறது, அமிலத்தைக் குறை என்று அளவுகோல் பாராமல் சொன்ன தொழிலாளிகள் பலர் இருந்தனர். அவர்களுக்குப் பேரும் உண்டு, ஊரும் உண்டு. அவர்களுக்குத் தெரிந்தவற்றை ஏட்டில் எழுதி வைத்தவர் மிகச் சிலரே. மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்துவிட்டது. அறிந்தவர்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். மஞ்சளும் வேம்பும் கற்பித்த பாடத்தை நினைப்பவர்கள், அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நன்று.